சாமிக்கு முன்னால் உப்புப் பார்க்காத வீடு

என் அம்மாவுக்கு நாலு வருஷமாக நாக்கில் ருசியே இல்லை. இது எங்களுக்குத் தெரிய வந்தது போன தீபாவளிக்கு முதல் நாள், செத்துப்போன அப்பாவுக்குப் படைத்துவிட்டு எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான்.

எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க ஒரே சட்டம்தான். படையலுக்கு ஆக்குவதை யாரும் ருசி பார்க்கக் கூடாது. பொங்கலன்று வாசலில் பொங்கும் சர்க்கரைப் பொங்கலோ, தைப்பூச விரதச் சாம்பாரோ, வருஷப் பிறப்பு மாங்காய்ப் பச்சடியோ, ஆடிக் கூழோ, எதுவானாலும் சாமிக்கு வைத்த பிறகுதான் நம் நாக்குக்கு. உப்பு, புளி, காரம் எல்லாம் அம்மாவின் கையளவு. என் வீட்டில் நான் நாலு தடவை நக்கிப் பார்க்காமல் ஒரு ரசத்தை இறக்க மாட்டேன். அதற்குப் பிறகும் வாயில் வைக்க விளங்காது. அம்மா ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டாள், ஒரு கல் உப்புக் கூடாது, குறையாது. "அம்மா கையில ஒரு நாக்கு இருக்கு லா" என்று தம்பி கேலி செய்வான். எங்களுக்கு அதில் பெருமை வேறு.

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்பே நான் குடியிருக்கும் ரவாங்கிலிருந்து புக்கிட் ரோத்தானில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். எனக்குக் கை சும்மா இருக்காது. அடுப்படியைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கினேன். பால்மாவு டின்னில் இருந்த கல் உப்பு தண்ணீர் விட்டுக் கிடந்தது. அதை வழித்துக் கொட்டிவிட்டு, டின்னைக் கழுவிக் காயவைத்து, கடையில் வாங்கிய தூள் உப்பை நிரப்பினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அம்மா டின்னைத் திறந்து பார்த்தாள், மூடினாள், ஒன்றும் சொல்லவில்லை. அகப்பையை இடம் மாற்றி வைத்தாலே சண்டைக்கு வருபவள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்பா எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், நாக்கு நீளம். அதனால் அவர் படையல் ஒரு விருந்து மாதிரி இருக்கும். ஆட்டிறைச்சிப் பெரட்டல், கோழிக் குழம்பு, நெத்திலி சம்பால், அவித்த முட்டை, பக்கத்தில் ஒரு பாட்டில் கறுப்பு பீர். சூடம் காட்டி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். பிறகு உள்ளே வந்து இலை போட்டோம். வழக்கமாக அம்மாதான் பரிமாறுவாள். எல்லாரும் எழுந்த பிறகு அடுப்படியில் போய்த் தனியாகச் சாப்பிடுவாள். இந்தத் தடவை தம்பி பெண்டாட்டி விடவில்லை. ஒருநாளாவது உட்காருங்கள் அத்தை என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, தானே பரிமாறினாள்.

தம்பி முதல் கவளத்தை வாயில் வைத்தான். மெல்வதை நிறுத்திவிட்டான். மிளகாயைக் கடித்துவிட்டான் போல என்று நினைத்தபடி நானும் ஒரு வாய் வைத்தேன். உப்புக் கரித்தது என்று சொன்னால் போதாது. நாக்கு சுருண்டுகொண்டது. தம்பி பெண்டாட்டி சத்தமில்லாமல் பிள்ளைகளின் இலையை நகர்த்தினாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சோற்றில் குழம்பை நன்றாகப் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நல்லி எலும்பை எடுத்து உறிஞ்சினாள். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"என்னா, யாரும் சாப்பிட மாட்டேங்கறீங்க? காரம் தூக்கலா இருக்கா?"

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உப்பு தெரியவில்லையா என்று கேட்டேன். அவள் இலையில் சோற்றை ஒதுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருஷம் அவளுக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. அப்போது போன ருசி திரும்பி வரவே இல்லை. வாசனை மட்டும் கொஞ்சம் வந்ததாம். நாலு பொங்கல், நாலு வருஷப் பிறப்பு, நாலு ஆடி, எல்லாவற்றையும் கையளவில் ஆக்கிப் போட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நாங்கள் சப்புக்கொட்டினால் சரியாக வந்துவிட்டது என்று கணக்கு.

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். தூள் உப்பைப் பார்த்தபோதாவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கத்தினேன்.

"கேட்டா நீ கண்டுபிடிச்சிருவ" என்றாள். "தூளு கூடக் கரிக்கும்னு கொஞ்சம் கொறைச்சுத்தான் போட்டேன். எவ்ளோ கொறைக்கணும்னு தெரியல. தெரிஞ்சா என்னைய அடுப்பாண்ட விடுவீங்களா?"

நாலு வருஷத்தில் அவள் சாப்பிடுவதை ஒருதரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். உண்ட வீட்டில் இதைக்கூடக் கவனிக்காத பிள்ளைகள் நாங்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தம்பி நல்ல மனசோடுதான் சொன்னான். வருகிற பொங்கலிலிருந்து படையல் சாப்பாட்டைக் கடையில் சொல்லிவிடலாம், அம்மா இனிமேல் கஷ்டப்பட வேண்டாம் என்றான். அம்மா அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் பயந்தது நடந்துகொண்டிருக்கிறது, நான்தான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று புரிந்தது. பெரிய புத்திசாலி மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"நீயே ஆக்கும்மா. நான் பக்கத்துல நின்னு உப்புப் பாத்துச் சொல்றேன்."

அவள் முகம் தெளிந்தது. ஒரு நிமிஷம்தான்.

"படைக்கறதுக்கு முன்னாடியா?"

பின்னே எப்போது என்றேன்.

"எச்சிப் பண்டத்தையா சாமிக்கு வைக்கச் சொல்ற?"

சாமி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது என்று நானும் தம்பியும் மாறி மாறிச் சொன்னோம். தனிக் கரண்டியில் எடுத்துப் பார்த்தால் எச்சில் ஆகாது என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள். அம்மா எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப வேணாம்" என்றாள். "கடையிலயே சொல்லிருங்க."

பாதிச் சோறு அப்படியே இருக்க இலையை மடித்துவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.