பதிவில் நின்ற பிழை

அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகக் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். கொரோனாவில் கல்லூரியை மூடியதும் வகுப்பு செல்போனுக்கு வந்துவிட்டது. பீரோ கதவில் தாளை ஒட்டி எழுதி நடத்துவேன். நேரலையில் வர முடியாத பிள்ளைகள் பிறகு பார்க்கட்டும் என்று ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்து கல்லூரித் தளத்தில் ஏற்றினார்கள்.

ஒரு நாள் பாடத்தின் நடுவில் பக்கத்து வீட்டு விசைத்தறி ஓட ஆரம்பித்தது. அவசரமாக முடிக்கப் போய், ஒரு கணக்கில் கழித்தல் குறிக்குப் பதில் கூட்டல் போட்டுவிட்டேன். மறுநாள் நேரலையில் பரளச்சி கிராமத்து மாணவி ஒருத்தி கேட்டாள்.

"மேடம், நேத்துப் போட்ட கணக்குல அங்க மைனஸுதான வரும்?"

"ஆமாம்மா, நான்தான் தப்பாப் போட்டுட்டேன். எல்லாரும் திருத்திக்கோங்க."

அன்றைய வகுப்பு சிக்னல் கோளாறில் பதிவாகவில்லை. திருத்தியாயிற்றே என்று நானும் விட்டுவிட்டேன்.

கல்லூரி திறந்த மறுவருஷம் எனக்கு வேலை இல்லை என்றார்கள். "ஒங்க பாடமெல்லாம்தான் வீடியோவா இருக்குல்ல மேடம். சந்தேகம் வந்தா இருக்கவுக பாத்துக்கிருவாக," என்றார் துறைத்தலைவர். சொல்லும்போது அவருக்குச் சங்கடம்கூட இல்லை.

போன வருஷம் மதுரை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். காரியாபட்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் செல்போனிலிருந்து என் குரல் கேட்டது. அந்தப் பாடமேதான். நான் எட்டிப் பார்க்க, அவள் என் முகத்தையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம், நீங்களா? நீங்க இருந்த காலேஜ்லதான் படிக்கிறேன். இந்தக் கணக்கு பரீட்சையில வந்துச்சு. நீங்க போட்ட மாதிரியேதான் போட்டேன். தப்புன்னு அடிச்சுட்டாக."

"வகுப்புல கேக்கலையா?"

"கேட்டேன் மேடம். வீடியோவ இன்னொரு தடவ பாருன்னுட்டாக."

பஸ்ஸிலேயே அவள் நோட்டை வாங்கிச் சரியாகப் போட்டுக் காட்டினேன். மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன்.

"ஒங்க லாகின எடுத்தாச்சு மேடம், நீங்க தொட முடியாது," என்றார் அங்கிருந்தவர்.

"அப்ப நீங்களே அந்தப் பாடத்த எடுத்துருங்க."

"எடுத்தா அதுக்கு வேற வீடியோ இல்லையே."

வீட்டுக்கு வந்து, அதே பாடத்தைப் பிழையில்லாமல் நடத்திப் பதிவு செய்து அனுப்பினேன். வெளியாட்கள் அனுப்புவதை ஏற்ற இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அந்தப் பெண் மட்டும் சந்தேகம் வந்தால் போன் செய்கிறாள், சொல்லித் தருகிறேன். மற்ற பிள்ளைகள் யார், எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது. அவர்களுக்கு இன்னமும் நான்தான் தப்பாக நடத்திக்கொண்டிருக்கிறேன்.