மூன்றாவது மூலை

பட்டறையில் அவளுக்குப் பெயர் பிசிறு அக்கா. வெட்டிய இரும்பில் விரலுக்குத் தட்டுப்படும் பிசிறு துளி இருந்தாலும் போதும், அன்றைக்கு யாரும் அவள் வாயில் விழுந்து எழ முடியாது. பட்டறை அவள் தம்பியுடையது. எழுதிக் கொடுத்தபடி தானாக இரும்பை வெட்டும் சிஎன்சி மெஷினும் அதற்குப் புரோகிராம் எழுதுவதும் அவள் பொறுப்பு. கணவரோடு ஒத்துவராமல் பெட்டியும் கையுமாக வந்து இறங்கியவள், மறுநாளே மெஷின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

மெஷினுக்குச் சொந்தபுத்தி இல்லை என்பதே அவளுக்கு அதில் பிடித்த விஷயம். மூலையைச் சாய்வாகச் சீவ, புரோகிராம் வரியின் கடைசியில் 'சி' போட்டு அளவு எழுத வேண்டும். உருட்ட வேண்டுமென்றால் 'ஆர்'. "என் வீட்டுக்காரர் இதுல பாதி பேச்சு கேட்டிருந்தா நான் ஏன் இங்க வரப்போறேன்?" என்பாள்.

மேஜை நாற்காலி செய்யும் ஒருவர், குட்டி மேஜைகளுக்கு இரும்பு மேல்தகடு கேட்டார். நான்கு மூலையும் சாய்வாக வேண்டும். நான்குக்கும் 'சி' எழுதி ஓடவிட்டாள். முதல் இரண்டு மூலைகளில் வழக்கமான கிரீச். மூன்றாவதில் சத்தம் மாறியது. யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல நீண்டது. மெஷின் கதவைத் திறந்தால், அந்த மூலை மட்டும் உருண்டையாக இருந்தது. வெட்டும்போது சூடு தணிக்கக் குளிர்ந்த நீர் கொட்டிக்கொண்டே இருந்தும், தொட்டபோது வெதுவெதுவென்று இருந்தது.

"அக்கா, ஆர் போட்டுட்டியா?" என்றான் தம்பி.

"என் கண்ணு என்ன புண்ணா? நீயே வந்து பாரு."

பார்த்தான். நான்கும் 'சி'தான். திரையில் வெட்டும் பாதையும் சாய்கோடாகவே இருந்தது. அவனே புதிதாக அடித்து ஓட்டினான். மறுபடியும் மூன்றாவது உருண்டது. வேறு வேலையைப் போட்டால் ஒழுங்காக வெட்டியது. கடைசியில் அந்த ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுத்தார்கள். வீணானதில் ஒன்றைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய், கட்டிலோரம் இருந்த குட்டி மேஜையில் பொருத்திவிட்டான்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் தம்பி மனைவி போனில் அலறினாள். கட்டிலில் குதித்து விளையாடிய அவர்கள் குழந்தை சறுக்கி, அந்தத் தகட்டின் மூலையில் முகம் மோத விழுந்திருந்தது. அக்காவும் தம்பியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் வீக்கம், அவ்வளவுதான்.

"முனை கூரா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை.

வீடு திரும்பியதும், எல்லோரும் குழந்தையைச் சுற்றி நின்றபோது அவள் மட்டும் தம்பி வீட்டுப் படுக்கையறைக்குப் போனாள். கட்டிலைப் பார்த்தபடி இருந்தது உருண்ட மூலை. மற்ற மூன்றும் சுவர்ப்பக்கமும் கால்மாட்டுப் பக்கமும் திரும்பியிருந்தன.

"பாத்துத்தான் இப்படி வெச்சியா?" என்று அன்று மாலை தம்பியிடம் கேட்டாள்.

"எங்கக்கா பாத்தேன்? கை போன போக்குல வெச்சேன்."

மறுநாள் காலை, அதே புரோகிராமை ஒரு கழிவுத் தகட்டில் ஓட்டினாள். நான்கு மூலையும் கச்சிதமான சாய்வு. அவளுக்கு நிம்மதி வரவில்லை. குழந்தை கட்டிலில் ஏறப் பழகுமுன்பே இந்த மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது.

பின்னால் நின்ற தம்பி குரலைத் தாழ்த்தினான். "வித்துடலாம்க்கா. கிட்ட போகவே உடம்பு கூசுது."

"வித்தா, வாங்குறவன் கோணலா வர்றதைத் தூக்கிக் குப்பையில போடுவான். யாருக்காக அப்படி வந்துச்சுன்னு யோசிப்பானா? இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

இன்றும் அவள் அதில்தான் வேலை செய்கிறாள். ஆனால் அதற்கு முதுகு காட்டி நிற்பதில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட அதைப் பார்த்தபடி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள்.