லாரியில் ஏறாத மனிதர்

பேளுக்குறிச்சிப் பக்கம் முதன்முதலில் சொந்த லாரி ஓட்டியவன் நான். அதற்கு முன்பு ஒரு மாட்டு வண்டியை வைத்துக்கொண்டு புளி ஏற்றி விற்றேன். வெறும் பாறை என்று எல்லோரும் கைவிட்ட காட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். ஓட்டு வீடு கட்டினேன். தங்கைகளைக் கட்டிக் கொடுத்தேன். அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் என்ன வெட்கம்? ஆனால் என்னால் மறக்கவே முடியாதது அந்த லாரியால் வந்த ஒரு வழக்குதான்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம். தை மாசம், கொல்லிமலையில் மிளகு பறிக்கிற சமயம். அப்போது மலைக்கு லாரி ஏறுகிற ரோடு கிடையாது. மலைக்காரர்கள் மூட்டையைத் தலையில் சுமந்து அடிவாரத்துக்கு இறங்குவார்கள். அங்கிருந்து பேளுக்குறிச்சிச் சந்தைக்கு என் லாரி கொண்டுபோகும். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் கரி அடுப்பு பூட்டி, அதன் வாயுவில் ஓட்டிய லாரி அது. மேடு வந்தால் திணறும்.

ஒரு சந்தை நாளில், வழியில் உள்ள மேட்டில் யாரோ அடிபட்டுக் கிடப்பதாகச் சேதி வந்து ஓடினேன். மலைமேல் உள்ள எடப்புளி நாட்டு விவசாயி ஒருவர், கால் நசுங்கிக் கிடந்தார். என் டிரைவர் முந்திக்கொண்டு சொன்னார்.

"மூட்டை மேல உக்காந்து வந்தாருங்க. மேட்டுல குலுக்குன குலுக்குல உருண்டு விழுந்துட்டாரு. சக்கரம் ஏறிப்போச்சுங்க."

அதே லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று தூக்கப் போனால், அந்த மனிதர் தரையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தார். விழுந்த பயம் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய பங்காளிகள் தூளி கட்டி மலைக்கே தூக்கிப் போய்விட்டார்கள்.

பிறகு அவர் தம்பி, டிரைவர் சொன்னதை அப்படியே நம்பி, சேலத்தில் ஒரு வக்கீலைப் பிடித்து நஷ்டஈடு கேட்டார். எனக்குக் கவலையில்லை. லாரிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் வந்த கையோடு கட்டியவன் நான். கம்பெனி கொடுக்கட்டும் என்று சேலத்து ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாக உட்கார வைத்துத்தான் கையை விரித்தார்.

"உங்களுடையது சரக்கு லாரி. ரோட்டில் போகிறவருக்கு அடிபட்டால் நாங்கள் பொறுப்பு. மூட்டை மேல் ஆள் ஏற்றி, அவர் விழுந்தால் நாங்கள் பொறுப்பில்லை. உங்கள் டிரைவரே அப்படித்தானே சொல்லியிருக்கிறார்?"

கம்பெனி விலகிக்கொண்டால் நான் லாரியை விற்க வேண்டும். விற்றாலும், வாங்கின கடன் போக அந்த மனிதருக்குப் போய்ச் சேருவது சொற்பம். அவரோ ஏர் பிடித்துப் பிழைப்பவர், பிள்ளைகுட்டிக்காரர். மறுநாள் மலை ஏறினேன். லாரியைக் காப்பாற்றத்தான் ஏறினேன், பொய் சொல்ல மாட்டேன்.

வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எலும்பு கூடியிருந்தது, கோணலாக.

"ஏனப்பா, மேலிருந்து எப்படி விழுந்தே?" என்று கேட்டேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "நானெங்கீங்க ஏறினேன்? பின்னால நடந்துல்ல வந்தேன். லாரி பின்வாக்குல உருண்டு வந்துருச்சுங்க."

மகளுக்கு அம்மை போட்டு, உயிர் பிழைத்தால் போதும் என்று மலைக்கோயில் அறப்பளீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டாராம். ஆடியில் கோயிலுக்குப் போய் நேர்த்தியைச் செலுத்தும் வரை காலில் செருப்பு இல்லை, எந்த வண்டியிலும் ஏறுவதில்லை.

"இதை ஏன் நீ யார்கிட்டயும் சொல்லலே?"

"யாரு சாமி வந்து கேட்டாங்க?"

நான் சேலத்துக்கு ஓடினேன். அதிகாரி கேட்டுவிட்டுச் சிரித்தார். "கதை நன்றாக இருக்கிறது. அவர் மிளகு மூட்டை மட்டும் எப்படி லாரியில் இருந்தது? மூட்டையைத் தனியாக அனுப்பிவிட்டு யாராவது நடப்பார்களா?" நான் விடவில்லை. "நீங்களே வந்து அவர் வாயால் கேளுங்கள்" என்று மல்லுக்கு நின்று, பேளுக்குறிச்சிக்கு வரச் சம்மதிக்க வைத்தேன்.

குறித்த நாளில், நேர்த்தி இருந்தாலும் கால் முடியாதவராயிற்றே, இந்த ஒரு தடவை ஏறிக்கொள்வார் என்று அடிவாரத்துக்கு என் வில்வண்டியை மெத்தை போட்டு அனுப்பினேன். அதிகாரி காரில் வந்து சந்தையடியில் காத்திருந்தார். நேரம் ஆயிற்று. வண்டி வரவில்லை. "உங்கள் சாட்சி வரமாட்டார் போலிருக்கிறதே" என்றார். எனக்கு மானம் போயிற்று. அவரையும் கூட்டிக்கொண்டு அவர் காரிலேயே எதிர்கொண்டு போனோம்.

பாதி வழியில் கண்டோம். முன்னால் என் வில்வண்டி காலியாக ஊர்ந்து வந்தது. பின்னால் அந்த மனிதர், இரண்டு கம்புகளை ஊன்றிக்கொண்டு, வெறுங்காலோடு ரோட்டில் இழுத்து இழுத்து நடந்து வந்தார். வேட்டி வேர்வையில் ஒட்டியிருந்தது. வண்டிக்காரன் என்னைக் கண்டதும் கத்தினான்: "ஏறுங்க ஏறுங்கன்னு கெஞ்சிட்டனுங்க! காளைதான் கேக்குது, இவரு கேக்கமாட்டேங்கறாரு!"

அதிகாரி இறங்கினார். "இந்தக் காலோடு ஏன் நடக்கிறீர்கள்? ஏறக் கூடாதா?"

"ஆடி போகட்டுங்க. அப்பறம் ஏறிக்கறேன்."

"அப்படியானால் அன்றைக்கு மூட்டையை மட்டும் ஏன் லாரியில் ஏற்றினீர்கள்?"

அந்த மனிதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. "நேந்துகிட்டது நானுங்க. மொளகு நேந்துக்கலீங்களே."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய், அந்தக் கோணல் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். காரைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, பேளுக்குறிச்சி வரை அந்த மனிதர் பக்கத்திலேயே, அவர் வேகத்துக்கே நடந்து வந்தார். நானும் நடந்தேன்.

சந்தையடியில் இந்த ஊர்வலத்தைப் பார்த்த என் டிரைவருக்குத் தாங்கவில்லை. "லாரி பின்வாக்குல உருண்டதுதானுங்க நெசம். லைசென்சு போயிருமோன்னு மாத்திச் சொல்லிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் உடைந்துபோனார். அதற்குமேல் கம்பெனி வாதாடவில்லை. நஷ்டஈட்டில் அந்த மனிதர் கறவை மாடுகள் வாங்கிப் பிழைத்துக்கொண்டார். என் லாரி என்னிடமே நின்றது.

இப்போதும் ரோட்டில் யாராவது தாங்கித் தாங்கி நடந்தால் எனக்கு அந்த மத்தியானம் வந்துவிடுகிறது. அவர் எங்கே இருந்தார், எப்படி விழுந்தார் என்று நாங்கள் எல்லோரும் சேலத்தில் உட்கார்ந்து முடிவு கட்டிக்கொண்டிருந்தோம். அவரோ மலையில் கேட்பாரில்லாமல் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எடப்புளி நாட்டில் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். சாமி காப்பாற்றிவிட்டது என்கிறார்கள், அந்த அதிகாரி நல்ல மனுஷன் என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் மலை ஏறிப் போய் அந்த மனிதரிடம் முதலில் வாய் திறந்து கேட்டவன் நான். இனிமேல் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.