கப்பல் வராமலே ஓடுகிறவள்

போர்ட் பிளேரில் வயது வந்தவர்கள் யாராவது தெருவில் ஓடினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்துவிட்டது! வெங்காயம், உருளைக்கிழங்கு, கடிதம், மாமியார் எல்லாமே கப்பலில்தான் வந்தாக வேண்டும். முந்துகிறவர்களுக்கு நல்ல வெங்காயம், பிந்துகிறவர்களுக்கு முளைவிட்டது. வந்த புதிதில் இந்த விவரமெல்லாம் எனக்குத் தெரியாது. ஊரில் நீங்கள் புரண்டு படுக்கிற நேரத்துக்கே இங்கே பளபளவென்று விடிந்துவிடுகிறது. அப்படி ஒரு காலையில் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு ஹாடோ குவார்ட்டர்ஸிலிருந்து, கப்பல் வந்து நிற்கும் சாத்தம் ஜெட்டிப் பக்கமாக ஓட ஆரம்பித்தேன். பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் சாக்கும் பையுமாகப் பாதித் தெரு ஓடி வருகிறது. ஒருவர் வாயில் பல்பொடி நுரையோடு வந்துகொண்டிருந்தார். யாராவது செத்துப்போய்விட்டார்களோ என்று பயந்து நான் இன்னும் வேகமாக ஓடினேன். நான் வேகமெடுத்ததும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

சாத்தம் பாலத்தருகே போய்ப் பார்த்தால் கடல் வெறிச்சென்று கிடந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளிப் பெண் ஷெஃபாலி இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஜஹாஜ் கிதர் ஹை?"

"ஜஹாஜ் நஹீ" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்த ஹிந்தி அவ்வளவுதான்.

"ஜஹாஜ் நஹீ? தோ ஃபிர் பாகா க்யோன்?"

கப்பல் இல்லையென்றால் எதற்கு ஓடினாய்? ஹிந்தியில் பதில் தெரியவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. பல்பொடிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

திருச்சியில் படித்தபோது யாரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. அங்கே மைதானத்தைச் சுற்றிச் சுவர் இருந்தது. சுவருக்குள் சுண்ணாம்புக் கோடு, கோட்டுக்குள் நான். விசில் ஊதினால் ஓட வேண்டும், மறுபடி ஊதினால் நிற்க வேண்டும். அந்தச் சுவரைத் தாண்டித் தெருவில் நாலடி ஓடியிருந்தால் அன்று மாலையே அப்பாவுக்குச் செய்தி போயிருக்கும். சுவருக்குள் ஓடினால் கெட்டிக்காரி, வெளியே ஓடினால் அடங்காப்பிடாரி. பிறகு டிரில் டீச்சர் ஆனேன். பொதுப்பணித் துறை ஓவர்சியர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டேன். அவருக்கு இங்கே மாற்றலாகவே நானும் கப்பலேறினேன். என்னை வேலைக்குச் சேர்த்த பள்ளிக்கூடத்தில் சுவரும் இல்லை, மைதானமும் இல்லை. சேறு இருந்தது. ஓடுவதென்றால் சாலையில்தான் ஓட வேண்டும்.

அந்தக் கூத்துக்கு மறுநாள் காலை ஷெஃபாலி கதவைத் தட்டினாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் பை இல்லாமல் நின்றாள். "சலோ" என்றாள். அவளுடைய பெற்றோர் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, இங்கே பெரார்கஞ்சில் காடு வெட்டி நெல் போட்டவர்கள். ஊரை விட்டு வந்த அன்று குழந்தையான தானும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பிறகு ஒரு நாள் சொன்னாள். அதற்குப் பிறகு, பயமில்லாமல் ஓடுவது இப்போதுதானாம். அதைக் கேட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மலையாளத்துப் பெண் அன்னம்மாவும் சேர்ந்துகொள்ள, நாங்கள் ஒரு கோஷ்டியானோம். இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. காட்டோரம் போனால் அட்டை காலில் ஏறிவிடும், அதற்கென்று உப்பும் சுண்ணாம்பும் கட்டிய துணிமுடிச்சு அன்னம்மாவின் இடுப்பில் எப்போதும் இருக்கும். நாய்களை ஷெஃபாலி கவனித்துக்கொள்வாள். மரம் ஏற்றிய லாரி வந்தால் கடைசியில் வருகிறவள் குரல் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. தெருமுனைக்கு வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து "ஜஹாஜ் நஹீ ஆயா!" என்று கத்திவிட்டுத்தான் ஓடுவோம். கப்பல் வரவில்லை என்று தெரிந்து ஜனங்கள் நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். நான் பஞ்சாபிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் சிலருக்குப் பொறுக்கவில்லை. "குடும்பத்துப் பொம்பளை போடுற டிரெஸ்ஸா இது?" என்றார் ஒரு அம்மாள். "புடவையில ஓடிக் காட்டுங்கம்மா, நான் இன்னைக்கே மாத்திக்கிறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் நேரம் மிச்சம்.

குடியரசு தினத்தையொட்டி இங்கே ஒரு சாலை ஓட்டம் நடக்கும். காராசர்மாவில் தொடங்கி ஜிம்கானா மைதானத்தில் முடியும். ஆண்களுக்கு மட்டும். என் பள்ளிப் பெண்களுக்கும் ஒரு ஓட்டம் வையுங்கள் என்று கேட்கப் போனோம். விழாக் கமிட்டியின் செயலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் இந்தச் சாலையில் பெண்கள் ஓட முடியாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று ஒரே பிடியாக நின்றார். "ஹம் லோக் தேகேகா" என்றாள் ஷெஃபாலி. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவள் சொன்ன தோரணையில் அவர் கொஞ்சம் அசந்துதான் போனார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். இந்த வருஷம் ஆண்களுக்குப் பின்னால் டீச்சர் மட்டும் ஓடட்டும். நடுவில் வண்டி ஏறாமல், நிற்காமல் வந்து சேர்ந்தால் அடுத்த வருஷத்திலிருந்து பெண்களுக்கும் ஓட்டம் உண்டு. வராவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரி என்றேன்.

இதற்கிடையில் அப்பா மதராஸில் கப்பலேறியிருந்தார். அம்மா போன பிறகு லால்குடியில் அவர் தனியாக இருக்கிறார். எனக்கு அங்கேயே ஒரு பள்ளியில் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு, என் கணவரையும் மாற்றல் கேட்கச் சொல்லி எங்களைக் கையோடு அழைத்துப் போகத்தான் வருகிறார். கடல் கொந்தளிப்பால் கப்பல் தாமதம் என்றார்கள். என்றைக்கு வரும் என்று ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. என் கணவரோ ஹேவ்லாக் தீவில் ஜெட்டி கட்டும் வேலையில் இருந்தார்.

ஓட்டத்தன்று ஒவ்வொரு வளைவிலும் எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கையில் தண்ணீர்ச் சொம்பு, இன்னொருத்தி கையில் நாய்க்குக் கம்பு. வெயில் ஏற ஏறச் செம்மண் புழுதி தொண்டையை அடைத்தது. கட்டைவிரல் கொப்புளம் உடைந்து ஷூவுக்குள் பிசுபிசுத்தது. பாதித் தூரம் தாண்டியிருப்பேன், கப்பலின் சங்கு ஊதியது.

சாலை ஒரே நொடியில் நிரம்பிவிட்டது. இம்முறை கப்பல் நிஜமாகவே வந்திருந்தது. சொம்போடு நின்றவர்களில் பலர் சொம்பை வைத்துவிட்டு ஓடினார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் வெங்காயம் தீர்ந்து வாரக்கணக்காகிறது. கூட்டம் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. எனக்கு ஓட்டமே மறந்துவிட்டது. அப்பா! பாஷை தெரியாமல் பெட்டியோடு ஜெட்டியில் நிற்பார். டெலானிபூரில் பாதை பிரிகிறது. கீழே இறங்கினால் சாத்தம், மேலே போனால் மைதானம். நான் கீழேதான் திரும்பினேன்.

குறுக்கே கம்பை நீட்டிக்கொண்டு நின்றாள் ஷெஃபாலி.

"உதர் நஹீ! உப்பர் ஜா!" அந்தப் பக்கம் இல்லை, மேலே போ என்கிறாள்.

"என் அப்பா..." என்று தமிழிலேயே கத்தினேன்.

"தேரா பாப்பா கோ மை லாயேகா" என்றாள். உன் அப்பாவை நான் கூட்டி வருகிறேன் என்றவள், என் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ரேஸ் கதம் கர்!" முதலில் ஓட்டத்தை முடி என்கிறாள்.

நான் மேலே ஓடினேன். அழுதுகொண்டே ஓடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தின் உச்சியில் அன்னம்மா மட்டும் சொம்போடு தனியாக நின்றுகொண்டிருந்தாள். தண்ணீரை என் தலையில் கொட்டிவிட்டு, "போ சேச்சீ, போ!" என்று கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்தாள்.

மைதானத்தில் கைதட்ட ஆளே இல்லை. பரிசு வாங்க வேண்டியவர்கள்கூட ஜெட்டிக்குப் போய்விட்டார்கள். செயலாளரும் மைக் செட் ஆளும்தான் இருந்தார்கள். நான் கோட்டைத் தாண்டியதும், எனக்குப் பின்னால் ஏதாவது வண்டி வருகிறதா என்று செயலாளர் எட்டிப் பார்த்தார். "அடுத்த வருஷம் பெண்களுக்கு ஓட்டம் உண்டா?" என்று மூச்சிரைக்க ஹிந்தியில் கேட்டேன். தலையாட்டினார். "மைக் மே போலியே" என்றேன். காலி மைதானத்தைப் பார்த்து மைக்கில் அறிவித்தார். அதைக் காதால் கேட்டுவிட்டு, நிற்காமல் சாத்தம் பக்கமாக ஓடினேன்.

வழியிலேயே எதிரில் வந்தார்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டி ஷெஃபாலியின் தலையில் இருந்தது. அப்பா பின்னால், எங்கே அழைத்துப் போகிறாள் என்று தெரியாத முகத்தோடு வந்தார். என் கோலத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"யாரும்மா துரத்துறாங்க?"

"யாரும் துரத்தலப்பா."

"கதம்?" என்றாள் ஷெஃபாலி. "கதம்" என்றேன். பெட்டியை நடுச்சாலையில் இறக்கி வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள். அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். அழுகை அடங்கிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"லால்குடி ஸ்கூல்ல ஜூன்ல சேரணும்னாங்கம்மா. எப்போ கிளம்பலாம்?"

"அடுத்த வருஷம் எங்க பிள்ளைங்க ஓடணும்பா. நான்தான் பழக்கணும்."

எங்கள் பிள்ளைகள் என்று நான் சொன்னதைக் கவனித்துவிட்டார் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. பெட்டியின் ஒரு பக்க வளையத்தை ஷெஃபாலி தூக்கினாள், மறுபக்கத்தை நான் தூக்கினேன். இன்னொரு கையால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலு நாள் கப்பலில் வந்த அப்பாவுக்குத் தரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, அடிமேல் அடி வைத்தார். ஷெஃபாலிக்கு வெங்காயம் தீர்ந்துவிடும் கவலை, எட்டி எட்டி நடந்தாள். ஒரு கை முன்னே இழுக்க, ஒரு கை பின்னே இழுக்க, காராசர்மாவிலிருந்து நிற்காமல் ஓடி வந்த எனக்கு ஹாடோ வரைக்கும் நடப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.