'நேரில் வரவும்'

சென்ற செவ்வாய்க்கிழமை காலை. மோர்னிங்சைட்டிலிருந்து மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஹைவேயில் வழக்கமான நெரிசல். கார் ஸ்பீக்கரில் பாரிஸிலிருந்து தங்கை ஜெனிற்றாவின் குரல்.

"அக்கா, போனை நிப்பாட்டச் சொல்லுறாங்கள். உள்ளுக்க போறன்."

"பயப்பிடாத..." என்றேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

பயப்படாதே என்று சொல்வது எவ்வளவு சுலபம்! 

ஜெனிற்றாவும் அவள் கணவர் அன்ரனும் பல வருடங்களாக விசா இல்லாமல் அங்கே வாழ்கிறவர்கள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மகள் அங்கே படிப்பதைக் காட்டி வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்திருந்தாள் தங்கை. நீண்ட காலம் பதிலே இல்லை. பிறகு திடீரென்று குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி – நேரில் வரவும்.

எதற்கு? அதைச் சொல்லவில்லை. வதிவிட கார்ட் கொடுக்கவா? பிடித்து அனுப்பவா? அப்படிக் கூப்பிட்டு விமானம் ஏற்றப்பட்ட ஒருவரை அவளுக்குத் தெரியும்.

அதனால் அன்ரன் கூடப் போகவில்லை.

"ரெண்டு பேரையும் பிடிச்சா, பிள்ளையை ஆர் பள்ளிக்கூடத்தால கூட்டி வாறது?" என்று முதல் நாள் என்னிடம் கேட்டாள். "நான் வராட்டி நீங்கள் அவளோட ஒவ்வொரு நாளும் கதைக்கவேணும் அக்கா."

வேலையிடத்து பார்க்கிங்கில் இறங்காமல் இருந்தேன். அவளுடைய போன் ஓஃபிலேயே கிடந்தது. அன்ரனுக்கு எடுத்தேன்.

"உங்களோட கதைச்சவவோ?" – நான் கேட்கவிருந்ததை அவர் கேட்டார்.

"இல்லை."

"நான் ஒருக்காப் போய்ப் பாக்கட்டோ அக்கா?"

"ஐயோ, வேண்டாம்! நீங்கள் பிள்ளையைக் கூட்டப் போங்கோ."

சொன்ன பிறகுதான் உறைத்தது. தங்கை திரும்பி வரமாட்டாள் என்று நானே முடிவுகட்டிவிட்டேனா?

மீட்டிங்கின் நடுவே போன் அதிர்ந்தது. வெளியே ஓடினேன். மறுமுனையில் மூச்சிரைப்பு மட்டும்.

"ஜெனிற்றா?"

"தந்திட்டாங்கள் அக்கா... கார்ட்."

"பிறகேனடி இவ்வளவு நேரமும் எடுக்கேல்லை?"

"கையில கிடைச்ச உடன ஓடிட்டன். பிழையாத் தந்திட்டம் எண்டு திருப்பிக் கூப்பிட்டா? போனைப் போடவே பயமாக் கிடந்தது. இப்ப எந்த ரோட்டில நிக்கிறன் எண்டும் தெரியேல்லை."

சிரித்தேன். அவளும் சிரித்தாள்... பிறகு இருவருமே சிரிக்கவில்லை.

ஒளிந்து வாழ்ந்து பழகியவர்களுக்கு நல்ல செய்திகூட முதலில் பொலிஸ் மாதிரித்தான் வந்து நிற்கும் போலிருக்கிறது.

"அன்ரனுக்குச் சொல்லிட்டியோ?"

"ஓம். சரியா அழுதவர். பிறகு கேட்டவர், 'அடுத்தது என்னைத்தானே கூப்பிடுவாங்கள்?' எண்டு."

மனிதர்களுக்குத்தான் இந்த இழுபறியெல்லாம். பயத்துக்கு எந்த வீட்டிலும் உடனே வதிவிட உரிமை கிடைத்துவிடுகிறது!