ஊமைப்படக் கதாநாயகியும் என் கொட்டகையும்

முத்தியால்பேட்டையில் எனக்கு ஓர் ஆணி கொடுக்கக்கூட ஆளில்லாத காலத்தில் கீற்றுக் கொட்டகை போட்டவன் நான். மூங்கில் நான் நட்டது. பழைய புரொஜெக்டர் நான் பிரித்துப் பூட்டியது. பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய இதே தோளில்தான் திரையும் வந்து சேர்ந்தது. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் போகவில்லை.

எங்கள் தெருக் குழாயடியில் ஒரு வயதான அம்மா, ஊமைப்படக் காலத்தில் தான் கதாநாயகியாக நடித்ததாகச் சொல்வார். பக்கத்து வீட்டு மீன்காரி நம்பமாட்டாள். "நடிச்சிருப்பக்கா, கூட்டத்துல கொடம் தூக்கிட்டு. இப்பவும் அதான பண்ற" என்பாள்.

ஒருநாள் அந்த அம்மா ஒரு பிலிம் டப்பாவைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "இத ஓட்டுப்பா. தெருவே பாக்கட்டும். இல்லன்னா இனிமே நான் கொழாயடிக்கு எந்த மூஞ்சியோட போறது?"

எழுபதுகளின் நடுவில், ஒரு ஞாயிறு பொழுது சாய்ந்ததும் இலவசமாகப் போட்டேன். திரையில் அவரேதான், கதாநாயகியேதான். ஆனால் மெதுவாக ஓட வேண்டிய ஊமைப்படத்தை என் மோட்டார் பேசும் படத்தின் வேகத்தில் ஓட்டியது. காதலனைப் பிரிந்து அழுதபடி நடக்க வேண்டியவர் குடுகுடுவென்று ஓடினார். கொட்டகையே சிரித்தது.

"அக்கா, எந்தத் தண்ணி லாரிய தொரத்துற?" என்றாள் மீன்காரி.

அந்த அம்மா நேராக ஆபரேட்டர் அறைக்குள் வந்தார். "டேய், நான் அப்படியா ஓடுனேன்? எங்க படத்த கையால சுத்தி எடுத்தாங்க, கையால சுத்தித்தான் காட்டுனாங்க. மோட்டார நிறுத்து."

பெல்ட்டைக் கழற்றினேன். பிலிம் கருகாமலிருக்க விளக்கைத் தணித்தேன். முதலிலிருந்து கையால் சுற்றினேன். இப்போது அழுகை அழுகையாகத் தெரிந்தது. மீன்காரி முந்தானையில் மூக்கைத் துடைத்தாள்.

அந்த அம்மாவுக்கு அது போதவில்லை. என் தோளருகே நின்று ஏவினார். "என் மொகம் கிட்ட வருது, மெதுவா... இன்னும் மெதுவா. இதோ வர்றா பாரு, இவ எனக்கு ஆகாதவ. வேகமா சுத்து."

சுற்றினேன். அந்த இன்னொரு நடிகை விரட்டிய கோழி மாதிரி போனாள். ஜனம் சிரித்தது. இவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "அவ அப்பவும் இப்படித்தான்" என்றார்.

மறுநாள் மீன்காரியே தன் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள். "என்னா நடை நடந்திருக்கக்கா" என்றாள்.

எண்பதுகளில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்த படித்தவர்களும் மேடையில் அந்த நடையைத்தான் புகழ்ந்தார்கள். புகழட்டும். ஆனால் முத்தியால்பேட்டை பார்த்த நடையில் பாதி அவர் காலில் இருந்தது, மீதிப் பாதி என் வலது கையில். இனி யார் எழுதினாலும் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். 'கையால் சுற்றியவர்' என்று போட்டால் போதும். அவர் பெயருக்குக் கீழே வேண்டாம், பக்கத்தில் போடுங்கள்.