கட்டைவிரலைத் தள்ளிய காற்று

என் வலது கைக் கட்டைவிரலுக்கு உணர்ச்சி கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஷெட்டுக்கு வந்த சில வருடங்களில், ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் பெல்ட்டில் அது மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் தைத்துப் போட்டார்கள். விரல் நின்றுவிட்டது, அதற்குள் குடியிருந்தவன் மட்டும் காலி செய்துகொண்டு போய்விட்டான். சூடு தெரியாது, குளிர் தெரியாது, முள் குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். இந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொருவருடைய கட்டைவிரல் ஞாபகத்துக்கு வரும். தடித்த விரல், அகலமான நகம், ரேகைக்குள் இறங்கிய கறுப்பு எண்ணெய். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமெல்லாம் சாவு வண்டி ஓட்டிய அண்ணனின் விரல் அது.

நான் எதற்கும் கவலைப்படுகிறவன். போல்ட்டை முறுக்கி வண்டியை அனுப்பிவிட்டு, அது தெருமுனை திரும்பிய பிறகும் முறுக்கினேனா இல்லையா என்று நின்றுகொண்டிருப்பேன். ஷட்டரைப் பூட்டி பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்ப்பேன். “உன் வயித்துல புளியக் கரைக்க வேற ஆளே வேணாம், நீயே கரைச்சுக்குவ” என்பாள் என் மனைவி. அப்படிப்பட்டவனின் ஷெட் வாசலில்தான் ஒரு நாள் அந்தப் பழைய வெள்ளை வேன் வந்து நின்றது. பக்கவாட்டில் நீளக் கண்ணாடி, அதற்குள் வெள்ளைத் திரை. என்ஜினுக்குள் டைமிங் செயின் தளர்ந்து, தகரப் பெட்டியில் கொலுசைப் போட்டு ஆட்டுவது போலச் சத்தம். ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு ஷெட்டில் உள்ளேயே விடவில்லையாம். வாசலில் சாவு வண்டி நின்றால் வேறு வண்டி வருமா என்று அவர்களுக்கு யோசனை. எனக்கும் அதே யோசனைதான். ஆனால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் எனக்குப் பயம். நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, வேனை ஓட்டி வந்த அண்ணன் கீழே இறங்கினார்.

“பயப்படாத நைனா. காலியாத்தான் கீது.”

நான் செயினைப் பிரித்த நாள் முழுக்க அவர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும், உடலை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், கையை மூக்கடியில் ஒரு தரம் வைத்துப் பார்ப்பாராம். டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார், ஊரே அழுதுகொண்டிருக்கும், ஐஸ் பெட்டியில் ஒரு ராத்திரி முழுக்க இருந்த உடலாகவும் இருக்கும். இருந்தாலும் வைத்துப் பார்ப்பாராம்.

“எப்பயாவது மூச்சு இருந்திருக்காண்ணா?” என்று கேட்டேன்.

“ஒரு தரம்கூட இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

“இல்லன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான நான் வண்டிய எடுக்க முடியும்?”

பூட்டை இரண்டாம் தரம் ஆட்டிப் பார்க்கிற என்னை ஊரே கேலி செய்யும். இந்த மனிதர் அதையே எவ்வளவு பெரிய இடத்தில் நின்று செய்கிறார் என்று தோன்றியது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் புதுச் செயின் ஏறி, மூடியும் பூட்டியாகிவிட்டது. கேம் சென்சார் ஒன்றுதான் பாக்கி. அதைக் காலையில் போடலாம் என்று விட்டேன்.

காலையில் அவர் நடந்து வந்தார். சட்டை தேய்த்துப் போட்டிருந்தது, கண் சிவந்திருந்தது. மந்தைவெளியில் டீக்கடை வைத்திருந்தவர் விடியற்காலையில் போய்விட்டார் என்றார். அந்த டீக்கடைக்காரரைப் பற்றி முந்தின நாளே சொல்லியிருந்தார். மற்றக் கடைகளில் இவர் வண்டியைக் கண்டால் “தள்ளிப் போட்டுக்கப்பா” என்பார்கள். டீயைப் பேப்பர் கப்பில் ஊற்றி எட்டி நீட்டுவார்கள். அவர் ஒருவர்தான் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லாருக்கும் கொடுக்கிற கண்ணாடி கிளாஸிலேயே இவருக்கும் கொடுத்தவர். “நான் போவும்போது உன் வண்டிதான். முன்னாடியே சொல்லி வெச்சுட்டேன், வேற சவாரி ஏத்திடாத” என்று சிரிப்பாராம்.

“வேற வண்டி ஒண்ணு சொல்லிடலாமேண்ணா. இது ஒருவேளை...” என்று இழுத்தேன்.

“சொல்லலாம். அவரு என் வண்டின்னுதான சொன்னாரு? ராகு காலத்துக்கு முன்ன எடுக்கணுமாம். மதியம் வரிக்கும் டைம் கீது.”

கேம் சென்சார் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. இப்போது எந்த சிலிண்டரின் முறை என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சாமான். அந்தப் பழைய என்ஜினில் அதன் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு, எந்தப் பல்லில் வைத்தாலும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்ளும். அதனால் நாம்தான் பார்த்து வைக்க வேண்டும். ஒண்ணாம் நம்பர் பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்க வேண்டும், ‘டாப்’ என்போம். கீழே பெல்ட் ஓடுகிற புல்லியில் அதற்குக் குறி இருக்கிறது. குறியைச் சேர்த்தேன், சென்சாரை இறக்கினேன், போல்ட்டை முறுக்கினேன், செல்ஃப் அடித்தேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. ஏர் ஃபில்டர் வழியாக டப்பென்று ஒரு தும்மல். மறுபடி அடித்தேன், மறுபடி தும்மல்.

செயினையே தப்பாகப் போட்டுவிட்டேனா? மூடியைப் பிரித்தால் சாயங்காலம் ஆகிவிடும். அங்கே ஒரு மனிதர் வார்த்தையை நம்பிப் படுத்திருக்கிறார்.

“இன்னா நைனா, மூஞ்சி இப்டிப் போவுது? என் எதிர்ல அப்டி வெச்சுக்காத, பழக்கதோசத்துல ஏத்திடுவேன்” என்றார் அண்ணன்.

சிரிப்பு வந்தது. சிரித்ததும் மூளை வேலை செய்தது. பிஸ்டன் உச்சிக்கு வருவது ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். ஒரு தரம் காற்றை நெருக்கிப் பிடித்துக்கொண்டு நெருப்புக்காக வருகிறது. இன்னொரு தரம் எரிந்த புகையை வெளியே தள்ளிவிட்டு வெறுமனே வந்து நிற்கிறது. புல்லியில் குறி ஒன்றுதான், இரண்டு தரமும் அதே இடத்தில் வந்து சேரும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் விரலை வைத்தால்தான் தெரியும், நெருப்புக்காக வருகிற தரம் காற்று விரலைத் தள்ளும். பதற்றத்தில் நான் அதைச் செய்யவில்லை. எனக்கு எப்போதும் விரல் வைக்கிற உதவியாள் அன்று லீவு. குறியைப் பார்த்து நிறுத்த நான் கீழே படுக்க வேண்டும், படுத்தால் துளை எட்டாது.

“அண்ணா, உன் கட்டவிரல இதுல அழுத்தி வெச்சுக்க. காத்து தள்ளிச்சுன்னா சொல்லு.”

வேனுக்கு அடியில் படுத்து ஸ்பேனரைப் போட்டு மெதுவாகத் திருப்பினேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

“தெரியுதா?”

“ஒண்ணும் இல்ல.”

இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

“உள்ள இழுக்குது நைனா.”

“எடுக்காத, அப்டியே இரு.”

திருப்பிக்கொண்டே இருந்தேன். சத்தமே இல்லை. அவருடைய குதிகால் மெல்ல மேலே எழும்புவதைப் பார்த்தேன்.

“தள்ளுது” என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. “நைனா, தள்ளுதுப்பா.”

குறி வந்து சேர்ந்தது, நிறுத்தினேன். வெளியே வந்து பார்த்தால் அவர் இன்னும் விரலை எடுக்கவில்லை. நான் ஆயிரம் தரம் செய்த வேலை இது. வயிற்றுப் பிழைப்பு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், ஆறிக் கிடக்கிற இரும்புக்குள்ளிருந்து ஒரு காற்று வந்து விரலைத் தொடுகிறது என்பது என்ன விஷயம் என்று எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் எத்தனை மூக்கடியில் கை வைத்து, எதுவுமே வராமல் எடுத்த மனிதர். “போதும்ண்ணா, எடுத்துடு” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவராகவே எடுத்தார்.

பிளக்கைப் போட்டு, சென்சாரை வெளியே எடுத்து அதன் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவினேன். இறங்கும்போது பல் கொஞ்சம் திரும்பும் என்பதால் சென்சாரை ஒரு மயிரிழை பின்னுக்குப் பிடித்து இறக்கினேன், போல்ட்டை விரலால் மட்டும் முறுக்கினேன். செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. டைமிங் லைட்டைக் காட்டிக்கொண்டே சென்சாரை அசைக்க அசைக்க, குளிரில் நடுங்குகிறவனுக்குப் போர்வை போர்த்தியது போல என்ஜினின் உதறல் அடங்கியது. இறுக்கினேன். ஒரு தரம் இறுக்கிவிட்டு, அவர் எதிரில் கொஞ்சமும் வெட்கப்படாமல் இன்னொரு தரமும் இறுக்கிப் பார்த்தேன்.

வழியில் நின்றுவிட்டால்? அந்தக் கவலையில் டூல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். அந்த வீட்டில் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் அண்ணன் குனிந்து கையை மூக்கடியில் வைத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடவே வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். கையை எடுத்தபோது டீக்கடைக்காரரின் கன்னத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு தடம். கழுவியும் போகாத எண்ணெய். அண்ணன் பதறிப்போய்த் தோள் துண்டை எடுத்தார். டீக்கடைக்காரரின் மனைவி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வுட்ருப்பா. மூஞ்சில கரி இல்லாம அந்த ஆள நான் என்னிக்குப் பாத்தேன்.”

நடந்து வருகிறவர்களுக்காக வண்டி ஊர்ந்து போனது. அப்படி ஊரும்போதுதான் என்ஜின் நிற்கும். நான் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். மயானம் வரை அது ஒரு தரம்கூட இருமவில்லை.

இப்போது வருகிற கார்களில் கேம் சென்சாரைத் தப்பாக வைக்கவே முடியாது. ஒரே துளை, ஒரே போல்ட். தரமணிப் பக்கத்திலிருந்து வருகிற ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளின் கார்களுக்கு நான் லேப்டாப்பைச் சொருகிப் பார்க்கிறேன். எல்லாம் அதிலேயே தெரிகிறது. நல்ல விஷயம்தான். என்னைப் போன்றவன் ராத்திரி தூங்கலாம்.

போன மாதம் அண்ணன் போய்விட்டார். அவர் வீடு இருந்த ஊரூர் குப்பத்தில் சந்து குறுகல். புது வண்டி தெருமுனையிலேயே நின்றது, ஓட்டி வந்த பையன் மரியாதையாக ஓரமாக நின்று “எடுக்கலாங்களா?” என்று கேட்டான். எல்லாரும் தூக்கக் குனிந்தார்கள். ஒரு நிமிஷம் இருங்கள் என்றேன். பழக்கத்தில் வலது கைதான் முன்னால் போனது. கட்டைவிரலை அவர் மூக்கடியில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இந்த விரலுக்கு எப்போதுமே ஒன்றும் தெரியாது என்பதால், அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

பிறகு இடது கையை வைத்துப் பார்த்துவிட்டு, எடுக்கலாம் என்றேன்.